மந்தை மேலே போனதும் பட்டியைக் கூட்டினேன்

துல்பார் வீடியோ நிலையம்,
(வீட்டின் பின்பக்கம், கதவைத் தட்டவும்)
கோச்கோர்.

கொரியா தேசத்துப் பூசான் துறைமுகத்தில் கப்பலுக்கு வெல்டிங் வைக்கும் என் அண்ணன் மகன் மக்சாத்துக்கு, சித்தப்பா ஜோமார்த் ஆசி கூறி எழுதிக்கொண்டது.

ஆள் சுகமா, ஆடுமாடு சுகமா என்று கேட்டுத்தான் நம் பக்கத்தில் எதையும் தொடங்க வேண்டும். உங்கள் மாடிவீட்டில் ஆடு கட்ட விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டதால் ஆளை மட்டும் கேட்டதாக வைத்துக்கொள். மருமகள் எல்மிராவும் குழந்தை அய்தானாவும் சுகம்தானே. இங்கே எல்லோரும் நலம். உன் சித்தி புருல் நலம், இடையில் என்னோடு பேசாமல் இருந்தாள். நாய் நலம். செர்வர் நலம், மூச்சு சீராக இருக்கிறது, வயிறுதான் நடுவில் கொஞ்சம் காலியாகக் கிடந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் கையால் எழுதுகிறேன், பள்ளிக்கூடத்து வெனேரா டீச்சர் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவைப்பார். அன்றைக்கு நீ போனில் பேசிய பேச்சுக்கு எனக்கு வாயில் பதில் வரவில்லை, பேனாவில் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை, நடை பழகும் குழந்தைக்குக் காலில் கயிறு கட்டி அறுக்கும் விருந்து என்று எனக்கு நன்றாகவே தெரியும். நீ கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். உன் கல்யாணத்தன்று உன் அப்பா, என் அண்ணன், இரண்டு கையையும் ஏந்தி, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைக்கு முன்கூட்டியே சொன்ன ஆசி. அதைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கயிற்றை அறுப்பேன், அது இல்லாவிட்டால் கத்தியைக் கையில் எடுக்கமாட்டேன் என்று சொன்னாய். உன் சித்தி அதைக் கேட்டுவிட்டு, பிள்ளை ஏற்கனவே தத்தித் தத்தி நடக்குதே, கட்டின கயித்தோட எத்தனை நாளைக்கு நடக்கும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர், யார் படம் பிடித்தாலும் முதுகைத்தான் காட்டுவார், உன் கல்யாணத்துக்கு அடுத்த குளிர்காலத்தை அவர் தாண்டவும் இல்லை. ஆகவே அவர் வாயைத் திறந்து பேசியது உலகத்தில் ஓரிடத்தில்தான் இருக்கிறது, அது என் செர்வர். கிடைத்ததா இல்லையா என்று கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. முறையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

நாரின் மாகாணத்திலேயே முதன்முதலில் கேமராவைத் தோளில் வைத்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள். அந்தக் காலத்தில் நான் கேமராவோடு தெருவில் இறங்கினால் ஆடு அறுக்கிறவன்கூடக் கத்தியை நிறுத்திவிட்டுத் தலைவாருவான். ஓடுகிற குதிரையின் மேல் பின்புறம் திரும்பி உட்கார்ந்து, துரத்தி வரும் குதிரைகளைப் படம் பிடித்திருக்கிறேன். சோங்-கோல் ஏரிக்கரையில் ஓர் ஓநாய் நின்று, இரண்டு பக்கமும் முகத்தைக் காட்டிவிட்டுப் போனது. ஜப்பான்காரர் ஒருவர் வந்து என் வலது கையைத் தொட்டுப் பார்த்து, இது கையா, முக்காலியா என்றார். மக்சாத், எத்தனை கல்யாணம், எத்தனை தொட்டில் விருந்து. நம் தெரு முழுக்க விளக்குப் போட்டு, வாசலுக்கு வாசல் அண்டா கொதித்து, போர்சோக் மாவுத்துண்டு பொரிக்கிற எண்ணெய் வாசனையில் பக்கத்து ஊர் நாயெல்லாம் வந்து நிற்கும். கீழ்வீட்டுக் கிழவர் அசில்காசி ஆட ஆரம்பித்தால் பாட்டுக்காரன் களைத்துப்போய் அவரைக் கெஞ்சுவான். இன்றைக்கு அந்தத் தெருவில் பாதி வீடு பூட்டு. ஆள் மாஸ்கோவில், ஆள் கொரியாவில், ஆள் மண்ணுக்குள். ஆட்டம் மட்டும் என் பின்கட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் படம் பிடிப்பேன், உன் சித்தி கணினியில் ஏற்றிப் பெயர் போட்டு வைப்பாள். அவளும் கெட்டிக்காரிதான், ஒரே குறை, புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை வாயால் சொல்லமாட்டாள். உன் அப்பா தெமிர்குல்லின் பெயரில் தெமிர், அதாவது இரும்பு, இருக்கிறது என்பதற்காக, கடைக்குப் போய் இரும்பு ஆணிகூடக் கேட்கமாட்டாள். "அந்தக் கறுப்பா, கனமா, அடிச்சா உள்ள போகுமே, அது குடுங்க" என்பாள். கடைக்காரன் ஒருமுறை ஆப்புக் கட்டையைக் கொடுத்து அனுப்பினான்.

செர்வரின் வரலாறும் உனக்குத் தெரியும். வங்கிக் கிளையை மூடியபோது எல்லோரும் நாற்காலிக்கும் திரைச்சீலைக்கும் அடித்துக்கொண்டார்கள், நான் ஒருவன்தான் அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்து, இதற்குள் ஊரே அடங்கும் என்று சொன்னேன். அது சமோவார் மாதிரி எப்போதும் இரைந்துகொண்டே சூடாக இருக்கும். குளிர்காலத்தில் பிறந்த ஆட்டுக்குட்டிகளை அதன் பக்கத்தில்தான் படுக்கவைப்போம். ஒரு குட்டிகூடச் செத்ததில்லை. போன கோடையில் நீ வந்தாய், அதன் வயிற்றைத் திறந்து பார்த்தாய், "சித்தப்பா, இது எந்த நேரத்துலயும் போயிரும். இதுல இருக்கறதெல்லாம் மேகத்துக்கு ஏத்திரலாம். அப்புறம் மாஸ்கோல இருக்கறவன், பூசான்ல இருக்கறவன், எவன் வேணா போன்ல பாத்துக்கலாம்" என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஏனென்றால் அந்த யோசனை எனக்குப் பத்து வருஷத்துக்கு முன்பே வந்திருந்தது, மேகத்தின் விலாசம்தான் தெரியாமல் இருந்தது. நீ உட்கார்ந்து என்னவோ தட்டினாய். தட்டி முடித்துவிட்டு, "சித்தப்பா, நல்லாக் கேட்டுக்கங்க. இது கண்ணாடி மாதிரி. கீழ இருக்கறதுதான் மேல தெரியும். கீழ எதையும் தொடாதீங்க" என்றாய். நான் அப்போது முலாம்பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். முலாம்பழம் அறுக்கிறவனிடம் முக்கியமான விஷயத்தைச் சொன்னது யார் தப்பு என்று நான் கேட்கவில்லை. நீயே யோசித்துப் பார்.

ஏறியதப்பா, ஏறியது. நம் ஊர் இணையம் உனக்குத் தெரியாதா, காற்று அடித்தால் நிற்கும், காற்று நின்றால் அதுவும் நிற்கும். இலையுதிர்காலம் ஏறியது, குளிர்காலம் முழுக்க ஏறியது. நான் தினமும் தேநீர்க் கிண்ணத்தோடு எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். நீ ஃபோல்டர் என்பாய், நான் பட்டி என்பேன், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டி. அந்தப் பட்டியிலிருந்து ஒவ்வொரு விருந்தாக, நொண்டி ஆடு கணவாய் ஏறுவது போல மேலே போகும். பக்கத்தில் குட்டிகள் கத்தும். ஒன்று ஏறி முடிந்தால் பச்சை அடையாளம் விழும், நான் உன் சித்தியைக் கூப்பிட்டு, அசில்காசி ஏறிட்டாரு என்பேன், அவள் அடுப்படியிலிருந்து, கெழவன் உசுரோட இருந்தப்பக்கூட இவ்வளவு மெதுவா நடந்ததில்ல என்பாள். இப்படியே மே மாதம் வந்தது, புல் வந்தது, ஊரில் எல்லோரும் மந்தையை மலைமேல் கோடை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அதே வாரம் என் பெட்டியிலும் கடைசிப் பச்சை விழுந்தது. எல்லாம் மேலே.

இப்போது நீ நெஞ்சைத் தொட்டுச் சொல். மந்தை மேலே போனால் நாம் கீழே என்ன செய்வோம்? உன் தாத்தா என்ன செய்தார், அவர் அப்பா என்ன செய்தார்? பட்டியைத் திறந்து, சாணத்தை வெட்டி வெளியே போட்டு, மூலைமுடுக்கெல்லாம் கூட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். மந்தை மேலே போன பிறகும் கீழே பழைய சாணத்தோடு பட்டி வைத்திருக்கிறவனை ஊர் என்ன சொல்லும்? சோம்பேறி என்று சொல்லும், அவன் வீட்டில் பெண் கொடுக்காது. நானும் காலையில் ஆட்டுப்பட்டியைக் கூட்டினேன், மத்தியானம் செர்வரைக் கூட்டினேன். வீடு வீடாக, பட்டி பட்டியாகத் துடைத்தேன். ‘புருலோடது, தொடாதே’ என்று உன் சித்தி எழுதியிருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். பயத்தினால் அல்ல, மரியாதையினால். முடித்துவிட்டு, ஒரு கிண்ணம் குதிரைப்பால் குமிஸ் குடித்துவிட்டு, இத்தனை சுத்தமான செர்வர் மத்திய ஆசியாவில் வேறு எங்கும் இருக்காது என்று எண்ணிக்கொண்டு படுத்தேன்.

அப்புறம்தான் உன் போன். "சித்தப்பா, மேல ஒண்ணுமே இல்ல." மேலே இல்லாமல் எங்கே போகும், இந்த வருஷம் புல் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். நீ எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சித்தி ஜாம் கிண்டறது ஒண்ணு மட்டும் தெரியுது. அப்பா பேரப் போட்டுத் தேடிட்டேன். இல்ல. கீழ என்ன பண்ணினீங்க?" என்றாய். கூட்டினேன் என்றேன். அதற்குப் பிறகு நீ பேசியதை நான் எழுதப்போவதில்லை, ஆசியில் முடிய வேண்டிய கடிதம் இது. நீ வைத்ததும் மாஸ்கோக்காரர்கள் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாணத்தைக் காணோம் என்று ஒருவன், தொட்டிலைக் காணோம் என்று ஒருத்தி. அசில்காசியின் பேரன், "சித்தப்பா, நமக்குக் கல்யாணமே நடக்கலங்கறா என் பொண்டாட்டி, சாட்சி கேட்டா எங்க போறது" என்று கேட்டான். நான் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: மந்தை கணவாயில் இருக்கிறது, வந்துவிடும். சொல்லிவிட்டு செர்வரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மற்றவர்களுக்காக அல்ல. கல்யாணம் இன்னொன்று செய்துகொள்ளலாம், நம் ஊரில் செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். அண்ணன் இன்னொரு தடவை பேசமாட்டார்.

மறுநாள் வெனேரா டீச்சரை அழைத்து வந்தேன். அவர் பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிறவர், நாக்கில் கொஞ்சம் மிளகாய். தேநீர் கொடுத்து, நடந்ததை விளக்கி, யாரோ செர்வரைக் கூட்டிவிட்டார்கள் என்றேன். "யாரு?" என்றார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். உன் சித்தி அடுப்படியில் பாத்திரத்தை வைத்த சத்தம் தேவைக்கு மேல் கேட்டது. டீச்சர் உன் மேகத்துக்குள் நுழைந்து, ஓர் ஓரத்தைத் திறந்தார். "கவலைப்படாதீங்க. அழிச்சதெல்லாம் மேல குப்பைக்கூடையில கொஞ்ச நாளைக்குக் கெடக்கும். அதுக்குள்ள வந்தீங்க, பொழச்சீங்க" என்றார். மக்சாத், திறந்ததும் ஊரே அந்தக் கூடைக்குள் உட்கார்ந்திருந்தது. அசில்காசி, கீழ்வீடு, மேல்வீடு, ஆற்றங்கரை வீடு. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழைய இடத்தில் வைக்க வைக்க, இந்தப் பெட்டிக்குள்ளும் மெல்ல இறங்க ஆரம்பித்தது. இதுதான் எனக்குப் பிடித்தது, மேலே போனது இலையுதிர்காலத்தில் மந்தை திரும்புகிற மாதிரி இறங்கியும் வருகிறது, இதை நீ எனக்குச் சொல்லவே இல்லை. நான் ஒவ்வொரு வீட்டுப் பெயரையும் உரக்கப் படித்தேன். எல்லா வீடும் வந்தது. தெமிர்குல் வரவில்லை.

டீச்சர் இன்னொரு தடவை தேடினார். "இந்தப் பேர்ல அழிஞ்சதும் எதுவும் இல்ல, இருந்ததும் எதுவும் இல்லையே" என்றார். நான் என் கையால் பெயர் எழுதி வைத்தேன் என்று அடித்துச் சொன்னேன். "எந்தக் கையால?" என்றார். நான் அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன். உன் தாத்தா வம்சம் முழுவதுமே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். பெரிய தாத்தா இல்லை, நடுத் தாத்தா இல்லை, யாருமே இல்லை. நம் வீடு ஒன்றுதான் ஊரில் இல்லாத வீடு. டீச்சர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார், மிளகாய் நாக்குக்காரியே ஜன்னலைப் பார்த்தால் பார்த்துக்கொள்.

அப்போது உன் சித்தி ரொட்டித் தட்டோடு உள்ளே வந்தாள். என்னிடம் பேசாமல் இருந்தாள் அல்லவா, ஆகவே ரொட்டியைப் பார்த்துக் கேட்டாள். "இவரு எதைத் தேடறாரு?"

அண்ணன் ஆசி சொன்னதை, மக்சாத் கல்யாணத்தில், என்றேன்.

"பெரிய வாசல்காரரு கை ஏந்தறதா? அது என் பட்டியிலதான் இருக்கு."

நானும் டீச்சரும் அவளைப் பார்த்தோம். "உங்க பட்டியிலயா? ஜாம் கிண்டறதுல்ல இருக்கு அதுல?" என்றார் டீச்சர்.

"ஜாம் மேல இருக்கு. அடியில அவங்கள்லாம் இருக்காங்க. அந்தப் பேரையெல்லாம் நான் எப்படிம்மா எழுதறது? வாயால சொல்லாதத விரலால மட்டும் சொல்லலாமா? அதான் எனக்குத் தெரியற மாதிரி எழுதி, எங்கிட்டயே வெச்சுக்கிட்டேன்."

திறந்தால் எல்லாம் அங்கே. ‘குதிரைல இருந்து விழுந்தவரு வீட்டுக் கல்யாணம்’ என்று உன் தாத்தா. ‘நடுப்பல் இல்லாதவரு அறுபது’ என்று நடுத் தாத்தா. ‘பெரிய வாசல்காரரு கை ஏந்தறது’ என்று உன் அப்பா. இரும்பு என்ற சொல்லை நெருங்காமல், ஆணி வாங்கப் போனவள் மாதிரியே சுற்றிச் சுற்றி எழுதி வைத்திருக்கிறாள். அழியவும் இல்லை, எங்கும் போகவும் இல்லை. நீ கத்திக்கொண்டிருந்தபோதும் உன் போனிலேயே, ஜாமுக்கு அடியில் இருந்திருக்கிறது. ஆக, உன் அப்பாவைக் காப்பாற்றியது யார்? ‘தொடாதே’ என்றதை மதித்துத் தொடாமல் விட்ட நான். இதைச் சொன்னபோது உன் சித்தி முதன்முறையாக என்னை நேராகப் பார்த்து, "கீழ எதையும் தொடாதீங்கன்னு புள்ள சொன்னப்ப இந்த மரியாத எங்க போச்சு" என்றாள். பேச ஆரம்பித்துவிட்டாள் என்பதே எனக்குப் போதும்.

படத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் தொழில் வாழ்க்கையிலேயே உச்சம் அதுதான். அன்று காலை ஆற்றைக் கடக்கும்போது தன் பூட்ஸை நனைத்துக்கொண்டு, என் புது பூட்ஸை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு அண்ணன் கம்பீரமாக வந்து உட்கார்ந்தார். முகம் திரை முழுக்க நிறைந்து நிற்கும், மீசை ஒவ்வொரு மயிராகத் தெரியும், பின்னால் மலை, மலைமேல் பனி, பனிமேல் வெயில். விருந்தில் எல்லோரும் இரு கையையும் ஏந்தியிருக்க, நான் ஒருவன்தான் ஒரு கையில் கேமராவை இம்மியும் ஆடாமல் பிடித்துக்கொண்டு மறு கையை ஏந்தினேன், ஓமின் சொல்லி முகத்தைத் தடவியதும் அந்த ஒரு கையால்தான். நான் எடுத்ததை நானே பார்த்துச் சரிபார்க்கத் தேவையில்லை. மண்டபத்தில் பெரிய திரையாகக் கட்டு. உன்னோடு வேலை பார்க்கும் கொரியாக்காரர்களை முன்வரிசையில் உட்காரவை. இதை எடுத்தவர் யார் என்று கேட்டால் என் பெயரை நிறுத்தி, தெளிவாகச் சொல்.

இப்போது நீயும் எல்மிராவும் கை ஏந்துங்கள். வாசலில் கட்டுத்தறி இருக்கட்டும், கட்டுத்தறியில் குதிரை இருக்கட்டும், மாடிவீட்டில் அதற்கு இடமில்லையென்றால் குதிரை வாங்கும் தெம்பாவது இருக்கட்டும். அண்டா காலியாகாமல் இருக்கட்டும். போன வழி திரும்பி வரும் வழியாகவும் இருக்கட்டும். பெரியவர்களை எதிர்த்துப் போனில் பேசும் நாக்குக்கு நல்ல புத்தி வரட்டும். ஓமின்.

இப்படிக்கு,
உன் அப்பாவை உனக்குத் திருப்பித் தரும்,
சித்தப்பா ஜோமார்த்.

பின்குறிப்பு: டீச்சர் இதைப் படம் எடுக்க வந்த நேரத்தில் உன் சித்தி, "அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துருங்க" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். பார்த்தேன். வாசல் தெரிகிறது, விருந்தாளிகள் தெரிகிறார்கள், என் கட்டைவிரல் கொஞ்சம் தெரிகிறது. அண்ணன் தொண்டையைச் செருமுகிறார். அத்தோடு படம் கீழே விழுகிறது. அதற்கப்புறம் விருந்துத் துணியின் ஓரம், ஒரு ரொட்டித் துண்டு, ஓர் எறும்பு, இரண்டு பூட்ஸ். கடைசிவரை அவ்வளவுதான். முகமும் இல்லை, மலையும் இல்லை. உன் சித்தி மற்ற வீட்டு விருந்துகளையும் ஓட்டிக் காட்டினாள். எல்லாவற்றிலும் ஆசி நேரம் வந்தால் தரைதான். கோச்கோர் ஊரின் மொத்த ஆசியும் பூட்ஸுக்கு நடுவில் கிடக்கிறது. இத்தனை வருஷம் யாரும் குறை சொல்லவில்லையா என்று டீச்சர் கேட்டார். "ஆசி சொல்லும்போது யாரு படத்தப் பாத்தா? வீட்ல போட்டுப் பாக்கறப்பவும் எல்லாரும் கைய ஏந்திக்கிட்டுக் கண்ண மூடிருவாங்க" என்றாள் உன் சித்தி.

ஆகவே பெரிய திரை வேண்டாம், சத்தத்தை மட்டும் கூட்டி வை. சத்தம் தெளிவாக இருக்கிறது. முதலில் அண்ணன், "டேய் ஜோமார்த், அந்தப் பொட்டியக் கீழ வைடா" என்கிறார். "ஓடிட்டிருக்கு அண்ணே" என்று என் குரல். "ஓடட்டும். நீ கைய ஏந்து. உனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்கிறார். அதற்கப்புறம்தான் குழந்தைக்குச் சொல்கிறார், அது கால் வைக்கற எடமெல்லாம் பாதையாகட்டும் என்று. மண்டபத்தில் யாராவது என்ன படம் இது, பூட்ஸ் மட்டும் தெரிகிறதே என்று கேட்டால், அந்த பூட்ஸ் என்னுடையது என்று சொல். காலையில் இரவல் வாங்கிக்கொண்டு போனவர், திருப்பித் தரவே இல்லை. இருக்கட்டும். அவரே போட்டுக்கொண்டிருக்கட்டும்.